வரைபடத்தில் பச்சை, வீட்டுக்குள் பூஜ்யம்

எண்ணை மாற்றாமல் மொபைல் நிறுவனம் மாறும் முன், சிக்னல் கிடைக்கும் இடங்களைப் பச்சையில் காட்டும் கவரேஜ் வரைபடத்தைப் பாருங்கள் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, நானும் பார்த்துவிட்டுத்தான் மாறினேன். போடி பக்கம் எங்கள் ஊர் முழுக்கப் பச்சையாக இருந்தது. ஆனால் அந்தப் பச்சை தெருவோடு சரி. எங்களுடையது பழைய கல்சுவர் வீடு. அடுப்படியில் நின்றால் ஒரு கோடுகூட வராது. ஓடிபி வர வேண்டுமென்றால் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவார்.

போன் சிக்னலில் 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண் அலைகள் சுவரைத் தாண்டி ஓரளவு உள்ளே வரும். 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரில் சீக்கிரம் வலுவிழந்துவிடும். வரைபடம் இதையெல்லாம் சொல்வதில்லை. அதனால் நீங்கள் மாற நினைக்கும் நிறுவனத்தின் சிம் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்தால் வாங்கி, உங்கள் போனில் போட்டு, ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். எல்லோரும் வீடியோ பார்க்கிற நேரம் அதுதான். ஆண்ட்ராய்டில் சிம் ஸ்டேட்டஸ் பகுதியில் சிக்னல் அளவு இருக்கும். 4ஜியில் மைனஸ் 90 dBm (சிக்னல் வலுவின் அலகு) என்றால் நல்லது, மைனஸ் 115 என்றால் விட்டுவிடுங்கள்.

நிறுவனம் மாற 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புவது அப்புறம். ஒருமுறை மாறினால் 90 நாள் அங்கேயேதான். நான் இப்போது 41-ஆவது நாளில் இருக்கிறேன்.