சித்தபிரசாத் நோட்டீஸ் ஒட்டினாராம்!

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வங்காள ஓவியர் சித்தபிரசாத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வீடியோ பார்த்திருப்பீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "சித்தபிரசாத் வரைந்தது ஓவியமே இல்லை, கட்சி நோட்டீஸ். பட்டினியைக் காட்டிப் பரிதாபம் சம்பாதித்தவர்" என்று கூட்டத்தில் பேசிய அண்ணன் சொன்னதற்குக் கைதட்டினார்களே, அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சரி, கட்சிப் பத்திரிகைக்குத்தான் வரைந்தார். யார் மறுத்தது? 1943 நவம்பரில் கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பித்தான் வங்காளத்தின் மேதினிப்பூர் மாவட்டத்துக்குப் போனார். முந்தைய வருஷப் புயலில் அடிபட்ட ஊர்கள், அதற்கு மேல் பஞ்சம். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். வரைந்ததோடு விடவில்லை. யார், எந்த ஊர், வீட்டில் யார் யாரைப் பறிகொடுத்தார் என்று விசாரித்து, பல படங்களில் பெயரையும் எழுதி வைத்தார். பெயர் எழுதினார் ஐயா!

வங்கப் பஞ்சத்தில் போனவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் என்கிறார்கள். அந்த எண்ணைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். பெயர் தெரிந்தால் அப்படிப் போக முடியாது. இது வெள்ளைக்காரனுக்கே புரிந்தது. அந்தப் பயணத்தைப் படமும் எழுத்துமாக 'ஹங்ரி பெங்கால்' (பசித்த வங்காளம்) என்று சின்னப் புத்தகமாகப் போட்டதும், 5,000 பிரதிகளைப் பறிமுதல் செய்து கொளுத்தினான். குடும்பத்திடம் இருந்த ஒரு பிரதி தப்பியதால்தான் இன்று நாம் அதைப் பார்க்கிறோம். வெறும் நோட்டீஸை இவ்வளவு சிரத்தையாக யாராவது எரிப்பார்களா? (எரிப்பார்கள்தான். அதைப் பிடித்துக்கொண்டு வாதத்துக்கு வராதீர்கள்.)

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரியம்மா நாற்று நடப்பவர். ஒருநாள் பெரிய கேமராவோடு ஒருத்தர் வரப்பில் வந்து நின்று, "பாட்டி, கொஞ்சம் சிரிக்காம பாருங்க" என்றார். பெரியம்மா சும்மாவே வாய் நிறையச் சிரிக்கிற ஆள். பாவம், கஷ்டப்பட்டு முகத்தை இறுக்கிக்கொண்டார். அப்புறம் ஒரு கண்காட்சியில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கீழே 'மண்ணின் சோகம்' என்று தலைப்பு. எடுத்தவர் பெயர், கேமரா பெயர், லென்ஸ் விவரம் எல்லாம் இருந்தது. பெரியம்மா பெயர் இல்லை. அன்றைக்குக் கூலி கையில் வந்த சந்தோஷத்தில் இருந்தவர் அவர்!

"பெயர் எழுதினால் பசி தீர்ந்துவிட்டதா?" என்று கேட்பீர்கள். தீரவில்லை. படம் வரைந்து பசி தீர்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், காலில் விழுகிறேன். "சாகக் கிடப்பவரை வரையலாமா?" நல்ல கேள்விதான். ஆனால் இதைக் கேட்பவர்களில் சிலர் கவர் போட்டோவில் காசிச் சாமியார் ஒருத்தரை வைத்திருக்கிறீர்கள். அவர் பெயர் என்ன?

சம்பாதித்தவராம். என்ன சம்பாதித்தார்? சாதி ஒட்டியிருக்கக் கூடாதென்று பெயரிலிருந்து பட்டாச்சார்யாவைக் கழற்றி எறிந்த மனிதர். 1940களின் கடைசியில் கட்சி வேலையிலிருந்தும் விலகிவிட்டார். நோட்டீஸ்காரர் என்றால் அத்தோடு கடையை மூடியிருக்க வேண்டுமே? அதற்குப் பிறகும் வரைந்தது யாரை? வேலைக்குப் போகும் குழந்தைகளை. லினோவில், அதாவது மை தடவி அச்சடிக்கிற லினோலியத் தகட்டில் செதுக்கினார். மலிவாகப் பல பிரதி எடுக்கலாம், பணக்காரர் வீட்டுச் சுவரில் ஒற்றைப் படமாகத் தொங்க வேண்டியதில்லை. பம்பாய் அந்தேரியில் எளிமையாக வாழ்ந்துகொண்டு குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம் போட்டார். 1978இல் இறந்தார். கொழுத்த சம்பாத்தியம்தான்!

அண்ணன் பேசியதுகூடப் பெரிதில்லை, அவர் எப்போதும் அப்படித்தான். கைதட்டியவர்களில் என்னோடு பல வருஷம் சுற்றியவர்கள் இருந்தீர்கள். ஒருத்தர்கூட எழுந்து "அண்ணே, அந்தப் படங்களைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்கவில்லை.

"பெரியம்மா கதையைச் சொல்லி உணர்ச்சிவசப்படாதே, அழகியலைப் பேசு" என்று இன்பாக்ஸில் ஒரு தம்பி. உணர்ச்சிவசப்படுகிறேன்தான், தம்பி. எங்கள் வீட்டு ஆளைச் 'சோகம்' என்று மாட்டியிருக்கிறார்கள், உங்கள் வீட்டு ஆளை இல்லை.

பெரியம்மா பெயரை நீ மட்டும் ஏன் எழுதவில்லை என்று அடுத்து வருவீர்கள். போன் போட்டுக் கேட்டேன். "பேஸ்புக்குல என் பேரு எதுக்குடா, போய் வேலையப் பாரு" என்றார். கேட்டேன், வேண்டாம் என்றார், போடவில்லை. அவ்வளவு கஷ்டமான காரியமா இது?