துணிக்கொடியில் கேட்கலாம், பேசலாமா?
வீட்டில் கிடக்கும் எந்த உலோகமும் ஹாம் ரேடியோவுக்கு (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி) ஆன்டெனா ஆகும் என்று ஒரு கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், வெறுமனே கேட்பதற்கு என்றால் சரி, ஆனால் மைக்கை அழுத்திப் பேசப் போனால் கதையே வேறு. நீளம் அலைவரிசைக்குப் பொருந்தவில்லை என்றால் அனுப்புகிற சக்தியில் ஒரு பங்கு திரும்பி வந்து செட்டையே பதம் பார்த்துவிடும். மொட்டைமாடித் துணிக்கொடியையே எடுத்துக்கொள்ளுங்கள், 7 மெகாஹெர்ட்சில் அரை அலை டைபோலுக்கு (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கம்பி ஆன்டெனா) மொத்தம் 20 மீட்டர் கம்பி வேண்டும், அதை நடுவில் வெட்டி கேபிளை இணைக்க வேண்டும், அப்புறம் அதில் ஈரப் புடவையைக் காயப்போட்டால் திரும்பி வரும் சக்தியின் அளவைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரின் முள் எங்கேயோ போய் நிற்கும் (பேசும்போது நுனியைத் தொட்டால் கை சுட்டுவிடும், குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் யோசியுங்கள்). 2 மீட்டர் பட்டைக்கு (அலைநீளம் சுமார் 2 மீட்டராக உள்ள அலைவரிசைகள்) இந்தத் தொல்லை இல்லை, கால் அலை, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு என்பது அரை மீட்டருக்கும் சற்றுக் குறைவுதான், பழைய இரும்பு இன்ச் டேப்பை வெட்டி பிவிசி குழாயில் பொருத்தினால் கையில் பிடித்து சிக்னல் வரும் திசையைத் தேடும் யாகி ஆன்டெனாவே செய்துவிடலாம். டேப்பில் சால்டர் (ஈயப் பற்று) ஒட்டவில்லை என்கிறார் ஒருவர், மஞ்சள் பெயின்ட்டை உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்துவிட்டு வையுங்கள், ஒட்டும்.