மூன்றாவது பந்து

போன செப்டம்பர் 12 ராத்திரி நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி ரசிகர்களான எங்கள் வாட்ஸ்அப் குழு இழவு வீடு மாதிரி இருந்தது. எங்கள் அணியின் ஜோனா டாங் என்ற 22 வயதுப் பையன் சொந்த மைதானமான சிட்டி ஃபீல்டில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிராகப் பந்து வீச வந்தான். மூன்று பேரை அவுட் ஆக்கினால் இன்னிங்ஸ் முடியும். இவன் இரண்டு பேரை அவுட் ஆக்குவதற்குள் ஆறு ரன் போய்விட்டது. மேனேஜர் வந்து பந்தை வாங்கிக்கொண்டார், பையன் தலையைக் குனிந்தபடி உள்ளே போனான். எதிரணிக்காகப் பந்து வீசியவர் யார் தெரியுமா? ஜேக்கப் டிக்ராம். நம்மிடம் வளர்ந்து, நம்மை விட்டுப் போன பிறகு முதல்முறையாக அந்த மைதானத்துக்குத் திரும்பி வந்தவர். அவர் ஏழு இன்னிங்ஸ் வீசி ஜெயித்துவிட்டுப் போனார்.

"இவனைத்தான் மைனர் லீக் முழுக்கத் தூக்கிவைத்துக் கொண்டாடினீர்களா?" என்று குழுவில் ஒரு நண்பர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு வருஷமாக டாங் டாங் என்று மணியடித்தவன் நான்தான். அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது குளிர்காலம், ஆட்டமும் இல்லை. சாவகாசமாகச் சொல்கிறேன்.

பேஸ்பால் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேஜர் லீக் அணி ஒவ்வொன்றுக்கும் கீழே மைனர் லீக் என்று நாலு படி உண்டு. மெட்ஸ் அணிக்கு ஃப்ளோரிடாவில் செயின்ட் லூசி, அதற்கு மேலே புரூக்ளின், அப்புறம் பிங்கம்டன், கடைசிப் படி சிராக்யூஸ். அங்கிருந்து சிட்டி ஃபீல்டு இருக்கும் குவீன்ஸ். டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, எடுக்கும் பையன்கள் இந்த ஏணியில்தான் ஏறுகிறார்கள். பெரும்பாலானவர்கள் நடுவிலேயே இறங்கிவிடுகிறார்கள். சம்பளமும் பெரிதாக ஒன்றும் கிடையாது. புரூக்ளின் படியில் 2023-க்கு முன்னால் வருஷத்துக்கு 11,000 டாலர். சங்கம் வைத்துப் பேசிய பிறகு 27,300 ஆனது. நியூயார்க்கில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்காதீர்கள்.

இந்த நாலு ஊர் ஆட்டங்களையும் போனில் பார்ப்பதுதான் என் கெட்ட பழக்கம். மனைவி வைத்த பெயர் இன்னும் மோசம்.

சரி, டாங்குக்கு வருவோம். அவன் கனடாக்காரன், டொராண்டோ பக்கம் மார்க்கம் ஊர். 2022 டிராஃப்டில் ஏழாவது சுற்றில் எடுத்தார்கள். கையை உச்சந்தலைக்கு நேர் மேலே கொண்டுபோய், உடம்பை ஒரு பக்கம் சாய்த்து வீசுவான். பந்து கூரையிலிருந்து விழுகிற மாதிரி வரும். 2025-இல் பிங்கம்டனிலும் சிராக்யூஸிலும் சேர்த்து 113 இன்னிங்ஸுக்குக் கொஞ்சம் மேலே வீசி 179 ஸ்ட்ரைக்அவுட், அதாவது பந்தை அடிக்கவே விடாமல் எடுத்த அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி 1.43. மே 10-ஆம் தேதி ரெடிங் அணிக்கு எதிராக நடந்த ஆட்டம் ஏழு இன்னிங்ஸ் ஆட்டம், 21 பேரை அவுட் ஆக்கினால் கதை முடிந்தது. அவன் வரிசையாக 20 பேரை அனுப்பினான், அதில் 13 ஸ்ட்ரைக்அவுட். ஒருவர்கூட முதல் பேஸை மிதிக்கவில்லை. 21-வது ஆள் வருவதற்கு முன்னால் அவனை எடுத்துவிட்டார்கள்! கை களைத்துவிடக் கூடாதாம். வேறொருவர் வந்து கடைசி அவுட்டை முடித்தார். குழுவில் அன்றைக்கும் ஒப்பாரிதான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எனக்கு உறுத்தியது வேறு.

டாங்கிடம் இருந்தவை அசல் பந்துகள் இரண்டு. ஃபாஸ்ட்பால் ஒன்று. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் செருகி வீசுகிற, மெதுவாக வந்து ஏமாற்றும் சேஞ்சப் ஒன்று. வளைந்து விழும் கர்வ் இருந்தது, ஆனால் அது கேட்ட இடத்தில் விழாது. பிங்கம்டனில் அது தேவைப்படவும் இல்லை. அந்த மட்டத்து பேட்டர்களை இரண்டு பந்தை வைத்தே முடித்துவிடலாம். 1.43 என்ற எண்ணுக்குள் ஒளிந்திருந்த விஷயம் இதுதான். சிராக்யூஸில் இரண்டே ஆட்டம் ஆடவைத்து ஆகஸ்ட் 29-ஆம் தேதி மேலே கொண்டுவந்துவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் அணி 19 ரன் அடித்தது, ஜெயித்தான், குழுவில் வாணவேடிக்கை. இரண்டு வாரத்தில் மேஜர் லீக்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மெதுவான பந்தைத் தொடாமல் விடு, வேகமான பந்து தட்டையாக வரும்வரை காத்திரு, அவ்வளவுதான். அந்த வருஷம் மேலே அவன் சராசரி 7.71.

மைனர் லீக் ஸ்கோரை நம்பாதீர்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான். கீழே நடப்பது போட்டி இல்லை, பயிற்சி. அங்கே ஒரு பையன் எத்தனை பேரை அவுட் ஆக்கினான் என்பதைவிட, எந்தப் பந்தைப் பழகிக்கொண்டிருக்கிறான் என்பதுதான் பார்க்க வேண்டியது.

மூன்றாவது பந்து ஏன் வேண்டும்? பேட்டிங் வரிசையில் ஒன்பது பேர். ஆட்டத்தை ஆரம்பித்து வைக்கிற பிட்சர் அதே ஒன்பது பேரை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பார்த்தாக வேண்டும். முதல் சுற்றில் அவர்கள் ஏமாறுவார்கள். இரண்டாம் சுற்றில் அவர்களுக்குக் கணக்குத் தெரிந்துவிடும். 95 மைல் வேகத்தில் வருகிற பந்து பேட்டரிடம் வந்துசேர அரை நொடிகூட ஆகாது, அதனால் அவர் பாதி ஊகத்தில்தான் மட்டையைச் சுழற்றுகிறார். ஊகிக்க வேண்டியவை இரண்டு என்றால் பாதிக்குப் பாதி சரியாக வரும். மூன்றானால் தடுமாறுவார். கைவசம் இரண்டு பந்து மட்டும் உள்ளவர்களைக் கடைசியில் ஒரு இன்னிங்ஸ் வீசும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள்.

என் கட்சிக்குப் பெரிய சாட்சி ஒரு பழைய கதை. 2002-இல் மினசோட்டா அணி யோஹான் சந்தானா என்ற பிட்சரைக் கீழே தன் மைனர் லீக் ஊரான எட்மண்டனுக்கு அனுப்பியது. அவர் அதற்கு முன்பே இரண்டு வருஷம் மேஜர் லீக்கில் ஆடியவர். அங்கே பாபி குவேயார் என்ற பிட்சிங் கோச் ஒரே ஒரு கட்டளை போட்டார்: வருகிற ஒவ்வொரு பேட்டருக்கும் குறைந்தது ஒரு சேஞ்சப் வீசியாக வேண்டும். அடிவாங்கினாலும் வீசு, வேண்டாத நேரத்திலும் வீசு. கை வேகம் மாறாமல் பந்து மட்டும் மெதுவாக வருவதுதான் சேஞ்சப்பின் சூட்சுமம். பயந்துகொண்டு வீசினால் கையும் மெதுவாகிவிடும், பேட்டர் கண்டுபிடித்துவிடுவார். பயம் போவதற்குத்தான் அந்தக் கட்டளை. 2004-இலும் 2006-இலும் சந்தானா, வருஷத்தின் சிறந்த பிட்சருக்குத் தரும் சை யங் விருது வாங்கினார். அந்த சேஞ்சப்பைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

அப்புறம் அவர் மெட்ஸுக்கு வந்தார். தோள்பட்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 2011-இல் செயின்ட் லூசியில் உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே முழங்கை அறுவை முடிந்து இன்னொரு பையன் உட்கார்ந்திருந்தான். கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் ஆடியவன், டிராஃப்டில் ஒன்பதாவது சுற்று, 272-வது ஆள். வருங்கால நட்சத்திரங்கள் என்று போடுகிற எந்த நூறு பேர் பட்டியலிலும் அவன் பெயர் கிடையாது. வேலையில்லாத நேரத்தில் அவனுக்குச் சந்தானா சேஞ்சப் பிடியைச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன்தான் டிக்ராம். 2018, 2019 இரண்டு வருஷமும் சை யங். எட்மண்டனில் ஒரு கோச் போட்ட கட்டளை ஆள் மாறி ஆள் மாறி, போன செப்டம்பரில் நம் டாங்குக்கு எதிரே வந்து நின்றது என்று எனக்குத் தோன்றும். கொஞ்சம் மிகைதான், ஒத்துக்கொள்கிறேன்.

பிட்சிங் ப்ராஸ்பெக்ட், அதாவது நம்பி வளர்க்கத்தக்க இளம் பிட்சர், என்று ஒன்றே கிடையாது என்பது அமெரிக்க ரசிகர்களிடையே பழைய கிண்டல். எந்தக் கை எப்போது கிழியும் என்று யாருக்கும் தெரியாது என்ற அர்த்தத்தில். மெட்ஸ் ரசிகனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995-இல் பல்சிஃபர், இஸ்ரிங்ஹௌசன், பால் வில்சன் என்று மூன்று பையன்களை வைத்துக்கொண்டு ஊரே வேர்ல்ட் சீரிஸ் பட்டக் கனவு கண்டது. மூவரும் ஒருவர் பின் ஒருவராக அறுவை மேசைக்குப் போனார்கள். இஸ்ரிங்ஹௌசன் மட்டும் கடைசி இன்னிங்ஸ் ஆளாக மாறி 300 சேவ் (முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடிப்பது) எடுத்தார், அதிலும் பெரும்பகுதி வேறு ஊரில்.

குமார் ராக்கர் கதையை இங்கே சொல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வார். அவருக்குத் தெரிந்த ஒரே பேஸ்பால் பெயர் அது, காரணம் முதல் பெயர். தாய்வழியில் இந்திய வம்சாவளி. 2019-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்காக டியூக்கை ஒரு ஹிட்கூட விடாமல் 19 ஸ்ட்ரைக்அவுட்டோடு முடித்தவன். 2021 டிராஃப்டில் மெட்ஸ் பத்தாவது ஆளாக எடுத்தது. எங்கள் வீட்டில் பாயசம் வைக்காத குறை. மருத்துவ அறிக்கையைப் பார்த்துவிட்டு அணி கையெழுத்துப் போடவே இல்லை. மறுவருஷம் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது, 2023-இல் முழங்கை அறுவை, 2024 செப்டம்பரில் மேலே வந்தான். மெட்ஸ் செய்தது சரியா தவறா என்று இன்றைக்கும் எனக்குள் பட்டிமன்றம் நடக்கிறது.

ஆனால் அந்தக் கிண்டலை நான் முழுசாக ஏற்கவில்லை. நோலன் மக்லீனைப் பாருங்கள். டாங்குக்கு இரண்டு வாரம் முன்னால் மேலே வந்தவன். மூன்றாவது சுற்று ஆள், 2024 வரை பேட்டிங்கும் செய்துகொண்டிருந்தவன், அது சரிவராமல் விட்டுவிட்டான். அவன் கையில் ஐந்தாறு விதப் பந்து இருந்தது, பக்கவாட்டில் வெகுவாக ஓடுகிற ஸ்வீப்பர் உட்பட. ஆரம்பித்து வைத்த முதல் நாலு ஆட்டத்திலும் ஜெயித்தான், மெட்ஸ் வரலாற்றில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. எட்டு ஆட்டத்தில் சராசரி 2.06. சிராக்யூஸில் டாங் அளவுக்கு அவன் எண்கள் பளபளக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எண்களை மட்டும் பார்த்திருந்தால் நாம் தப்பான பையனுக்குத்தான் மாலை போட்டிருப்போம். நானும் அதைத்தான் செய்தேன் என்பது வேறு விஷயம். அணி அந்த வருஷம் கடைசி நாளில் மயாமியில் தோற்று வெளியே போனதற்கும் இந்தப் பையன்களுக்கும் சம்பந்தமில்லை, அதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன கோடையில் ஒரு புதன்கிழமை, கோனி ஐலண்டில் புரூக்ளின் ஆட்டம். கடல் காற்று, ரைட் ஃபீல்டுக்குப் பின்னால் பழைய பாராசூட் கோபுரம், கையில் உருளைக்கிழங்கு வறுவல். எனக்கு முன் வரிசையில் மறுநாள் வீசப்போகும் பிட்சர் சாதாரணச் சட்டையில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டிருந்தான். மைதானத்தில் இருந்தவன் ஒல்லியான பையன். மூன்றாவது இன்னிங்ஸில் தொடர்ந்து மூன்று சேஞ்சப் வீசினான், மூன்றும் தரையில் குத்தி கேட்சரின் மார்பில் மோதின. நாலாவது பந்தும் சேஞ்சப். பின்னால் இருந்த ஒருவர், "ஃபாஸ்ட்பால் போடுடா!" என்று கத்தினார். நாலு பந்தும் தப்பாகப் போனதால் பேட்டர் சும்மாவே நடந்து முதல் பேஸுக்குப் போனார். முன் வரிசைப் பையன் குறிப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தான். இன்னிங்ஸ் முடிந்து போகும்போது கோச் அந்த ஒல்லிப் பையன் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆறாவது பேட்டருக்கு மறுபடியும் அதே பந்து. இந்த முறை மட்டை சுற்றி முடித்த பிறகுதான் பந்து வந்து சேர்ந்தது. பேட்டர் பந்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே சுங்கம் கட்டிக்கொண்டு நியூ ஜெர்சி எடிசனிலிருந்து அங்கே போகலாம்.

அன்றைய ஸ்கோரில் அந்தப் பையன் நாலு இன்னிங்ஸ், ஐந்து ரன். என் நோட்டில் வேறு கணக்கு இருக்கிறது: சேஞ்சப் 14, அதில் சரியாக விழுந்தது மூன்று. மேலே வந்தால் இந்த வருஷம் பிங்கம்டனில் இருப்பான். வீட்டிலிருந்து போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.