மேடையில் மடித்த சட்டை

பல ஆண்டுகளுக்கு முன் பார்த்த ஒரு நாடகத்தில், மகனை இழந்த தந்தை அவனுடைய சட்டையை மடித்து வைக்கும் காட்சி ஒன்று வந்தது. வசனம் இல்லை, இசையும் இல்லை. தந்தையாக நடித்தவர் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து ஒருமுறை உதறினார். தோள்பட்டைகளைப் பிடித்து, எதிரே ஓர் ஆள் நிற்பதைப்போலத் தூக்கி அளவு பார்த்தார். பிறகு மேசையில் விரித்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு மடித்தார். ஏறக்குறைய மூன்று நிமிடம். அரங்கில் ஓர் இருமல்கூட எழவில்லை. மறுநாள் ஒரு நாளிதழுக்கு நான் எழுதிக் கொடுத்த 350 சொல் மதிப்புரையில் அந்த மூன்று நிமிடத்துக்குக் கிடைத்த இடம், ‘தந்தையாக நடித்தவரின் மிகையற்ற நடிப்பு மனத்தில் நிற்கிறது’ என்ற ஒற்றை வரிதான்.

அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அதில் சட்டையும் இல்லை, பொத்தானும் இல்லை, அரங்கின் அமைதியும் இல்லை. எந்த நாடகத்தின் எந்த நடிகருக்கும் அதை எடுத்து ஒட்டிவிடலாம். அச்சிலும் இணையத்திலும் மாறி மாறி நெடுங்காலம் எழுதிய பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: நாடக விமர்சனத்தில் கடினமான வேலை தீர்ப்புச் சொல்வதன்று, கண்டதை எழுத்தில் நிறுத்துவது. அச்சின் நெருக்கடி ஒரு விதம், இணையத்தின் நெருக்கடி வேறு விதம். ஆயினும் இரண்டும் முதலில் பறித்துக்கொள்வது இந்த விவரிப்பைத்தான்.

நூலுக்கு மதிப்புரை எழுதுபவருக்கு இந்தத் துன்பம் கிடையாது. அவர் சொன்னது சரியா என்று வாசகர் நூலைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். திரைப்படமும் அப்படியே. நாடகம் மட்டும் விளக்கு அணைந்ததும் போய்விடுகிறது. அடுத்த நாள் அதே நடிகர்கள் அதே வசனத்தைப் பேசினாலும் அது வேறொரு மாலை. இந்தச் சிக்கலை மிகத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டவர் ஜெர்மானிய நாடகாசிரியர் லெஸ்ஸிங். 1767-இல் ஹாம்பர்க் நகரில் தொடங்கிய தேசிய அரங்கம், அங்கு மேடையேறும் நாடகங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதும் பணிக்கு அவரை அமர்த்தியது. நடிகரின் கலை கணத்தில் மறைவது, அதன் நன்மையும் குறையும் ஒரே விரைவில் கடந்து போய்விடுகின்றன என்ற கருத்தை அவர் அந்தத் தொடருக்கான தம் அறிவிப்பிலேயே எழுதினார். நாடகாசிரியரின் ஒவ்வோர் அடியையும் போலவே நடிகரின் ஒவ்வோர் அடியையும் உடன் தொடரப்போவதாகவும் சொன்னார். ஆனால் நடிப்பைப் பற்றி அவர் எழுதியதை நடிகர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. சில மாதங்களுக்குள் நடிகர்களைப் பற்றி எழுதுவதையே அவர் கைவிட்டு, நாடகக் கோட்பாடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். 1769 வரை வெளிவந்த 104 பகுதிகள் நாடகக் கோட்பாட்டுக்குப் பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த நடிகர்கள் மேடையில் எப்படி நின்றார்கள், எங்கே மூச்சு விட்டார்கள் என்பதை அவ்வளவு கூர்மையான ஒரு கண் பார்த்தும் அவற்றுள் பெரும்பகுதி எழுத்தில் ஏறாமலே போயிற்று. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

அச்சில் எழுதுவதன் இடர் பக்கத்தின் அளவிலிருந்து தொடங்குகிறது. கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்துவிட்டால் மதிப்புரையின் அடிப்பகுதி போய்விடும், ஏனென்றால் பக்கம் கட்டுபவர் கீழிருந்துதான் வெட்டுவார். நாமோ கதைச்சுருக்கத்தை மேலேயும், ஒளியமைப்பையும் அரங்கப் பொருள்களையும் கீழேயும் எழுதிப் பழகியிருக்கிறோம். ஆகவே வெட்டுப்படுவது எப்போதும் ஒளியமைத்தவரின் உழைப்புத்தான். அரை ஆண்டு உழைத்து ஒரு நிழலை உருவாக்கியவரின் பெயர், எவருடைய தீய எண்ணமும் இல்லாமலே, அச்சேறாமல் போகும். இதை உணர்ந்த பிறகு நான் வரிசையைத் தலைகீழாக்கினேன். கதைச்சுருக்கத்தைக் கடைசியில் வைத்தால் வெட்டுப்படுவது அதுவாகத்தான் இருக்கும். அதனால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் தலைப்பு நம் கையில் இல்லை. தயங்கித் தயங்கி எழுதிய ஒரு மதிப்புரைக்கு மேலே ‘ஏமாற்றம்’ என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டால், உள்ளே இருக்கும் தயக்கத்தைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேர்?

இன்னொன்று காலம். ஹரோல்ட் பின்ட்டரின் ‘தி பர்த்டே பார்ட்டி’ 1958 மே மாதம் லண்டனின் லிரிக் ஹேமர்ஸ்மித் அரங்கில் மேடையேறியபோது, நாளிதழ் விமர்சகர்கள் பெரும்பாலும் அதைப் புரியாத உளறல் என்று தள்ளினார்கள். சண்டே டைம்ஸ் விமர்சகர் ஹரோல்ட் ஹாப்சன் மட்டும் அதை எழுதியவரிடம் தனித்த ஆற்றல் இருப்பதைக் கண்டு, தம் பெயரையே பணயம் வைத்துப் பாராட்டினார். அவருடைய மதிப்புரை ஞாயிறன்று வெளிவந்தது. நாடகமோ அதற்கு முந்தைய நாளே நிறுத்தப்பட்டிருந்தது. மறுநாள் காலையில் வந்த அவசரத் தீர்ப்புகள் அரங்கைக் காலியாக்கின, ஒரு வாரம் பொறுத்து வந்த நிதானம் அரங்கைக் காப்பாற்றவில்லை. ஆனால் பின்ட்டர் என்ற நாடகாசிரியரைப் பற்றிய பேச்சைத் தொடங்கி வைத்தவற்றுள் அந்தத் தாமதமான மதிப்புரையும் ஒன்று. நுழைவுச்சீட்டு விற்பனைக்குப் பயன்படாத விமர்சனம் பயனற்றது என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் நினைவூட்டுகிறேன்.

இணையம் வந்தபோது, இந்த இரண்டு தளைகளும் அறுந்துவிட்டன என்று மனமார மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். சொல் வரம்பு இல்லை, ஞாயிறு வரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டை மடித்த மூன்று நிமிடத்துக்கு மூன்று பத்திகள் எழுதலாம். உண்மையிலேயே சிலர் அப்படி எழுதினார்கள். அச்சில் ஒருபோதும் இடம் கிடைத்திராத நுட்பமான நீண்ட கட்டுரைகள் இணையத்தில்தான் வந்தன. ஆனால் அந்த இடத்தை வேறொன்று வந்து நிறைத்துவிட்டது. அது வேகம். திரை விழுந்த அரைமணி நேரத்தில் முதல் கருத்து வந்தாக வேண்டும், வராவிட்டால் பேச்சு நம்மைக் கடந்து போய்விடும் என்ற பதற்றம் எழுதுபவரின் உள்ளேயே குடியேறிவிட்டது. பதற்றத்தில் இருப்பவர் விவரிக்கமாட்டார், தீர்ப்பை மட்டும்தான் சொல்வார். தீர்ப்புக்கு ஒரு வரி போதும். விவரிப்புக்கு ஓர் இரவு வேண்டும்.

இந்த வேகம் இணையத்தோடு நிற்கவில்லை, அச்சையும் இழுத்துக்கொண்டது. 2015 ஆகஸ்டில் லண்டன் பார்பிகன் அரங்கில் பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடித்த ‘ஹாம்லெட்’டின், முறையான தொடக்கத்துக்கு முன்பே நடக்கும் முதல் முன்னோட்டக் காட்சியைப் பார்த்துவிட்டு, விமர்சகர்களுக்கான இரவு வரும் முன்பே இரண்டு லண்டன் நாளிதழ்கள் மதிப்புரை வெளியிட்டன. எல்லோரும் அறிந்த ‘இருப்பதா இல்லாமற்போவதா’ தன்னுரை அந்தக் காட்சியில் நாடகத்தின் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. அது கண்டனத்துக்கும் உள்ளானது. விமர்சகர்களுக்கான இரவு வந்தபோது அந்தத் தன்னுரை அங்கே இல்லை, நாடகத்தின் உட்பகுதிக்கு மாறியிருந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. நியூயார்க் பிராட்வேயில் ‘ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்’ 2010 நவம்பரில் முன்னோட்டக் காட்சிகளைத் தொடங்கி, தொடக்க நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. பார்வையாளர்கள் பணம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க, விமர்சகர்கள் மட்டும் வாய்மூடி இருப்பது எப்படி நியாயம் என்று 2011 பிப்ரவரியில் பல நாளிதழ்கள் காத்திருக்காமல் எழுதின. அதன்பின் இயக்குநர் மாறினார், காட்சிகள் சில வாரம் நிறுத்தப்பட்டு நாடகம் திருத்தப்பட்டது, ஜூன் 14 அன்றுதான் முறைப்படி தொடங்கியது. முன்னதை நான் குறை சொல்கிறேன், பின்னதை ஏற்கிறேன். முதல் முன்னோட்டம் என்பது பார்வையாளர் முன் நடக்கும் ஒத்திகை. மாதக்கணக்கில் காசு வாங்கும் முன்னோட்டத்தை ஒத்திகை என்று சொல்ல முடியாது.

இணையத்தின் இன்னொரு இடர் நெருக்கம். அச்சில் எழுதிய காலத்தில் நடிகர் நம் வரியைப் படித்தாரா என்றே தெரியாது. இப்போது பத்து நிமிடத்தில் படித்துவிடுகிறார். அவர் அம்மாவும் படிக்கிறார். ஒருமுறை ஓர் இளம் நடிகையின் குரல் இரண்டாம் பாதியில் தேய்ந்து, பின் வரிசைக்குக் கேட்கவில்லை என்று இரவு பதினொரு மணிக்கு எழுதினேன். காலைக்குள் அந்த ஒரு வரி மட்டும் ஸ்கிரீன்ஷாட்டாகப் பல பக்கங்களில் சுற்றியது. அதற்கு முன்பும் பின்பும் அவர் உடலைப் பயன்படுத்திய விதம் பற்றி நான் வியந்து எழுதியிருந்த இரண்டு பத்திகள் எங்கும் இல்லை. அவர் காய்ச்சலோடு நடித்தார் என்று குழுவினர் எழுதினார்கள். நான் அந்த வரியை நீக்கவில்லை, ஏனென்றால் பின் வரிசையில் இருந்தவர்களுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் மீண்டும் சென்று பார்த்து, அதே பதிவின் கீழே நாளைக் குறிப்பிட்டு, இன்று கடைசி வரிசை வரை கேட்டது என்று சேர்த்தேன். பார்த்த நாளைப் போடாத நாடக விமர்சனத்தை நான் இப்போது நம்புவதில்லை.

திருத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் நாடகாசிரியர் சாரா கேனின் ‘பிளாஸ்டெட்’ 1995-இல் லண்டனில் மேடையேறியபோது விமர்சகர்கள் அதன்மேல் பாய்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான மைக்கேல் பில்லிங்டன் பின்னாளில் தம் கணிப்பு தவறியதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். பழைய மதிப்புரை அச்சில் அப்படியே கிடந்ததால்தான் அந்த ஒப்புதலுக்கு எடை வந்தது. இணையத்தில் நள்ளிரவில் ஒரு சொல்லை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. பாராட்டு பெருகும் திசை பார்த்து தம் பழைய பதிவின் சூட்டைத் தணித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். இது விமர்சகர் தம் கண்ணையே மறுதலிக்கும் செயல்.

நட்சத்திர மதிப்பெண் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. ஐந்துக்கு மூன்று என்று போட்டுவிட்டால் கீழே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டிய தேவையே வாசகருக்கு இல்லாமல் போகிறது.

சொல் பஞ்சமும் நம்மைப் பின்னிழுக்கிறது. ‘இயல்பான நடிப்பு’, ‘உணர்ச்சிப் பெருக்கு’, ‘நேர்த்தியான இயக்கம்’ ஆகிய மூன்றையும் தடைசெய்தால் நம் நாடக மதிப்புரைகளில் பாதி வெறுமையாகிவிடும். அகத்தில் எழுவது உடலில் எப்படிப் புலப்படுகிறது என்பதற்கு மெய்ப்பாடு என்ற சொல்லைத் தொல்காப்பியத்திலேயே வைத்திருக்கும் மொழி நம்முடையது. நகை, அழுகை, இளிவரல் என்று எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றும் எந்த நிலைக்களனில் பிறக்கிறது என்றும் அது சொல்கிறது. அந்தக் கண்ணோடு மேடையைப் பார்த்தால், அழுதார் என்று எழுதி முடிக்க மனம் வராது; இழப்பில் பிறந்த அழுகையா, இழிவில் பிறந்ததா, அது முதலில் தோளில் தெரிந்ததா கையில் தெரிந்ததா என்று பார்க்கத் தோன்றும்.

இப்போது நான் கைக்கொள்ளும் முறை எளியது. அரங்கிலிருந்து திரும்பிய அன்றிரவே, இருட்டில் கிறுக்கிய குறிப்பேட்டில் வரிமேல் வரி ஏறிக் கிடப்பதைப் பிரித்து, கண்டதை மட்டும் எழுதிவைக்கிறேன். நன்று, தீது என்ற சொல் அதில் வரக்கூடாது. தீர்ப்பை மறுநாள்தான் எழுதத் தொடங்குகிறேன். சில வேளைகளில் முதல் நாள் எழுதியதைப் படித்த பிறகு, மனத்தில் இருந்த தீர்ப்பே மாறிவிடுகிறது. வெளியிட்டதன் படியைத் தாளில் அச்சிட்டும் வைத்துக்கொள்கிறேன். நான் தொடக்கத்தில் எழுதிய இணைய இதழ் ஒன்று நின்றுபோனபோது அதன் முகவரியும் காலாவதியாகி, அதில் இருந்த என் நாற்பதுக்கும் மேற்பட்ட மதிப்புரைகள் ஒரே நாளில் மறைந்தன. நாளிதழில் வந்த அந்த 350 சொற்கள் மட்டும் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அங்கே அதைக் கண்டெடுத்த ஆய்வு மாணவர் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். அந்த நாடகம் ஒளிப்பதிவு செய்யப்படவில்லை. தந்தையாக நடித்தவரும் இன்று இல்லை. ‘மனத்தில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே ஐயா, என்ன நின்றது?’ என்று கேட்டார். சட்டையைப் பற்றிச் சொன்னேன், கை அசைவுகளைச் செய்தும் காட்டினேன். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தவர், பொத்தான்களை மேலிருந்து போட்டாரா கீழிருந்து போட்டாரா என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை.