வகுப்பில் மூன்றாவது ரேங்க், பின்னக் கூட்டல் தெரியாது

அக்கா மகள் போன தேர்வில் வகுப்பிலேயே மூன்றாவது ரேங்க். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கணக்கு விடைத்தாளை வாங்கிப் புரட்டினேன். 1/2 + 1/3 என்ற கணக்குக்கு 2/5 என்று போட்டிருந்தாள். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருக்கிறாள்.

"பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியை விடக் கம்மியா வருமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிளாஸ்ல நிறையப் பேர் அப்படித்தான் மாமா போட்டிருந்தாங்க" என்றாள்.

அந்தப் பதில் என்னை விடவே இல்லை. நிறையப் பேர் ஒரே தப்பைச் செய்தால் ரேங்க் அசையாது. மூன்றாவதாக வந்தவள் மூன்றாவதாகவே இருப்பாள். யாருக்கும் பின்னம் புரியவில்லை என்ற சேதி அந்த ரேங்க் கார்டில் எங்கேயும் இருக்காது. இதன் மறுபக்கமும் உண்டு. வகுப்பே சேர்ந்து முன்னேறினால், உயிரைக் கொடுத்துப் படித்த பிள்ளையும் பழைய இடத்திலேயே நிற்கும். பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் நம் இடம் போய்விடும் என்று பத்து வயதில் ஒரு குழந்தை நினைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ராபர்ட் கிளேசர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1963-லேயே இந்த இரண்டு வகை அளவையும் பிரித்துக் காட்டினார். ஒன்று, மற்றவர்களோடு ஒப்பிட்டு இடம் சொல்வது. இன்னொன்று, முன்கூட்டியே வகுத்த ஒரு தரத்தை எட்டியாயிற்றா என்று பார்ப்பது. வண்டி ஓட்டும் உரிமத்துக்கான சோதனை இரண்டாவது வகை. அன்றைக்கு வந்தவர்களில் நீங்கள் எத்தனையாவது என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டத் தெரிகிறதா, அவ்வளவுதான்.

அதே 1963-இல், இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் ஏ-லெவல் தேர்வு நேர் எதிராகப் போனது. எழுதுபவர்களில் ஏறக்குறைய 10 சதவீதத்தினருக்கு 'ஏ', அடுத்த 15 சதவீதத்தினருக்கு 'பி' என்று பங்கு பிரித்தார்கள். 1980-களின் பிற்பகுதி வரை இது நீடித்தது. எந்த ஆண்டு யாரோடு சேர்ந்து எழுதினோம் என்பதும் கிரேடைத் தீர்மானித்தது.

நூறு இடத்துக்கு ஆயிரம் பேர் வந்தால் வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்பில் எந்த இடத்தை நிரப்பப் போகிறோம்?

தரம் வகுப்பதும் லேசான வேலை இல்லை. தேறுவதற்கும் தேறாததற்கும் இடையில், வரம்பில் நிற்கும் ஒரு மாணவர் இந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுத எவ்வளவு வாய்ப்பு என்று, பாடம் தெரிந்தவர்கள் கேள்வி கேள்வியாக உட்கார்ந்து மதிப்பிடும் முறை ஒன்று இருக்கிறது. ஆங்காஃப் முறை என்பார்கள். அதிலும் மனிதத் தீர்ப்புதான். தேர்ச்சிக் கோட்டைத் தாழ்த்திப் போட்டால் எல்லோரும் தேறிவிடுவார்கள், அறிக்கை அழகாக இருக்கும், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் தரம் என்ன என்பது எல்லோர் கண்ணிலும் படும்படி, புரிகிற வார்த்தையில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறேன். '40 மதிப்பெண்' என்பது தரம் ஆகாது. மற்ற கணக்குகளில் வாங்கியதை வைத்துப் பின்னத்தில் பூஜ்யம் வாங்கினாலும் 40 வந்துவிடும். 'பகுதி (கீழே உள்ள எண்) வேறுபடும் இரண்டு பின்னங்களைக் கூட்டுவாள், விடை பொருந்துமா என்று தானே சரிபார்ப்பாள்' என்பது தரம்.

எட்டாதவர்களை என்ன செய்வது? அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1968-இல் எழுதியதுதான் எனக்குப் பிடித்தது: சரியான உதவியும் போதிய நேரமும் கொடுத்தால் பெரும்பாலான மாணவர்கள் எட்டிவிடுவார்கள். நாம் எல்லோருக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டு, தேர்ச்சியை ஆளுக்கு ஆள் மாறும்படி விட்டுவிடுகிறோம்.

அன்று மாலை ஒரு தாளை ஆறாக மடித்தோம். பாதிக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டம். "அப்போ ஆறுல அஞ்சு" என்று அவளே சொன்னாள். அப்புறம் நான்கு கணக்கு கொடுத்தேன். மூன்று சரி. 2/3 + 1/4 மட்டும் இடித்தது. சனிக்கிழமை அதற்கு மறுபடி உட்காருகிறோம்.