அடி வாங்கியும் அந்தப் புள்ள ஏன் வீட்ல சொல்றதில்ல?

இலங்கை மலையகத்துல, ஹட்டன்ல டியூஷன் விட்டு பஸ் ஏறுற பொம்பள புள்ளைங்கள கொஞ்சம் கவனிச்சு பாருங்க. சீட்ல ஒக்காரக்குள்ள லவ்வர்கிட்ட இருந்து வீடியோ கோல் வந்துரும், பக்கத்துல யாரு இருக்கானு போன திருப்பி காட்டணும், வழியில சிக்னல் போயி கட்டாச்சுன்னா அந்தப் புள்ள மொகமே வெளிறிப்போகும். கூட இருக்கதுங்க "அவனுக்கு இவ மேல அவ்ளோ பாசம்டி"னு சிரிக்குதுங்க. எனக்கு வயிறு எரியுது.

எடுத்த ஒடனே எவனும் கை ஓங்குறதில்ல. மொதல்ல பாஸ்வேர்ட் கேப்பான், அப்புறம் அந்தக் கூட்டாளி வேணாம், இந்த உடுப்பு வேணாம், நெட்போல் வேணாம், எல்லாத்தையும் வெட்டிவிட்டு அவன் ஒருத்தன்தான்னு ஆன பெறகு கன்னத்துல விழும். மறுநாள் அழுவான், கைய பிளேடால கீறி போட்டோ அனுப்புவான், போனுக்கு ரீலோட் போடுவான், கொஞ்ச நாள் தங்கமா இருப்பான், திரும்ப ஆரம்பிக்கும். லெனோர் வோக்கர்ங்கிற அமெரிக்க உளவியலாளர் 1979லயே இது இப்பிடி சுத்திச் சுத்தி வரும்னு எழுதிட்டாங்க. எல்லா இடத்துலயும் அச்சு மாதிரி நடக்காதுதான், ஆனா பதினாறு வயசுலயும் இத பாக்குறோம். (பையங்களுக்கும் நடக்குது, அதுவும் வெளிய வர்றதில்ல.) 2024ல உலக சுகாதார அமைப்பு சொன்ன கணக்குப்படி, கல்யாணமோ காதலோ ஒரு உறவுல இருந்த 15-19 வயசு புள்ளைங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தி துணைகிட்ட அடியோ பாலியல் வன்முறையோ அனுபவிச்சிருக்கா.

ஏன் சொல்றதில்ல? தோட்டத்து லயத்துல வீடெல்லாம் ஒட்டி ஒட்டி வரிசையா இருக்கும், இருமினாலே அடுத்த வீட்டுக்கு கேக்கும். விசயம் தெரிஞ்சா போன புடுங்குவோம், ஓஎல் பரீட்சையோட படிப்ப நிப்பாட்டுவோம், கொழும்புக்கு வேலைக்கு அனுப்புவோம், இல்லாட்டி அவனுக்கே கட்டிவைப்போம். இது அவனுக்கு நல்லா தெரியும். அதான் "ஒங்கப்பாகிட்ட சொல்லிருவேன், போட்டோவ தோட்டம் பூரா அனுப்பிருவேன்"னு மெரட்டுறான். அந்த ஆயுதத்த அவன் கையில குடுத்தது நாமதான்.

இலங்கையில 2005ல வந்த வீட்டு வன்முறை தடுப்புச் சட்டம் புருசன், சேந்து வாழ்றவங்க, சொந்தக்காரங்களத்தான் சொல்லுது, லவ்வர் அதுல வரமாட்டான். ஆனா அடிக்கிறதும் மெரட்டுறதும் எப்பிடியும் குத்தம்தான், பொலிஸ்ல பெண்கள் சிறுவர் பணியகம் இருக்கு, 18 வயசுக்கு கீழனா சிறுவர் உதவி நம்பர் 1929க்கு கோல் எடுக்கலாம்.

புள்ள வந்து சொன்னா மொதல்ல "ஒன் படிப்ப நிப்பாட்ட மாட்டோம்"னு சொல்லுங்க. ஆத்திரத்துல மெசேஜ அழிச்சிராதீங்க, அதுதான் சாட்சி. வேணாம்னு விலகுற நேரத்துலதான் மெரட்டல் கூடும், அந்தக் கொஞ்ச நாளைக்காவது டியூஷனுக்கு யாராவது கூட போயிட்டு வாங்க.