அது காலி இடம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை நம் நகர்ப் பொது இடத்தில் ஜேசிபி வந்து புங்க மரங்களையும் புதரையும் வழித்துப் போட்டதை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். "க்ளீன் ஆயிடுச்சு" என்று வாட்ஸ்அப் குழுவில் கைதட்டலும் வந்தாகிவிட்டது. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அது காலி இடம் இல்லை. நம் குடியிருப்போர் சங்கத்து இடமும் இல்லை. மனைப்பிரிவு போட்டபோது சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கு அது கடலூர் மாநகராட்சி நிலம். பொது நிலத்தில் மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். வாங்கினீர்களா? கேட்டால் "கமிட்டி முடிவு" என்கிறீர்கள். கூட்டத்தில் பேசியது ஓரத்துச் சீமைக்கருவேலத்தை எடுப்பதைப் பற்றி மட்டும்தான். எடுக்கச் சொன்னதே நான்தான். புங்க மரங்களையும் பள்ளத்தையும் சேர்த்து வழிக்க யார் கைதூக்கினார்கள்?

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது நம் தெருவில் நிழலுக்கு ஒரு மரம் மிஞ்சவில்லை. அடுத்த மழைக்கு அப்பா புங்கங்கன்றுகளைக் கொண்டுவந்து அங்கே நட்டார். மாடு கடிக்காமல் முள் கட்டினார். கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்தார். பக்கத்து வீட்டு அத்தை அரிசி கழுவின தண்ணீரைக்கூட அங்கேதான் கொண்டுபோய் ஊற்றுவார். அப்பா இப்போது இல்லை. வெட்டிப் போட்டதைப் பார்த்துவிட்டு வந்த அம்மா அன்று சாப்பிடவில்லை.

அப்புறம் அந்தப் பள்ளம். 2015 நவம்பரில் கடலூரே தண்ணீரில் நின்றபோது நம் தெருத் தண்ணீர் அதில்தான் இறங்கியது. இப்போது மண் கொட்டி நிரவி, மேலே பேவர் பிளாக் போடப் போகிறீர்களாம். அடுத்த ஐப்பசியில் தண்ணீர் எங்கே போகும்? நம் வாசலுக்குத்தான்.

பாம்பு வருகிறது என்கிறீர்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பயம் நியாயம். ஆனால் பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி நாம் மதிலோரம் கொட்டுகிற சோற்றைத் தேடி வருகிறது. நடக்கிற பாதையோரம் புல்லை வெட்டி, விளக்குப் போட்டிருக்கலாம். புதரை ஒரேயடியாக வழித்தால் அதிலிருந்தவை வீடுகளுக்குள்தான் வரும். டெங்கு என்கிறீர்கள். அந்தக் கொசு முட்டையிடுவது மொட்டைமாடித் தொட்டியிலும் பழைய டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்குகிற தண்ணீரில். கார் நிறுத்த இடம் வேண்டும் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, சொல்லவும் மாட்டேன்.

"மரம் வேணும்னா உங்க வீட்டுல வச்சிக்குங்கம்மா" என்று ஒருவர் எழுதினார். அவர் பிள்ளைகள் சைக்கிள் பழகியது அந்த நிழலில். அதற்குக் கட்டைவிரல் போட்டவர்களில் எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த தம்பியும் இருக்கிறான். எனக்கு வலித்தது அதுதான். நான் யாருக்கும் எதிரி இல்லை. எங்களைக் கேட்காமல் செய்தீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மண் கொட்டுவதை உடனே நிறுத்துங்கள். ஓரத்தில் மிஞ்சியிருக்கிற பூவரசைத் தொடாதீர்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் அழைத்துப் பொதுக்கூட்டம் போடுங்கள். ஆணையருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் மாலையில் வீட்டுக்கு வாருங்கள்.